பாட்டி ஓட்டிய மகிழுந்து: ஒரு நற்பெயரின் வரலாறு



பழைய மகிழுந்துகளை விற்போரிடம் தலைமுறைகளைக் கடந்தும் மாறாத பேச்சு ஒன்று உண்டு. “ஒரே உரிமையாளர். வயதான பெண்மணி. சந்தைக்கும் கோவிலுக்கும் தவிர வேறெங்கும் எடுத்ததில்லை” என்பார்கள். நம் நாட்டில் இதற்கு ஓர் உள்ளூர் வடிவமும் இருக்கிறது. “ஓய்வுபெற்ற ஆசிரியை வைத்திருந்த வண்டி” என்று சொன்னால் போதும். விலை பேச வந்தவர் சற்றே நிமிர்ந்து உட்காருவார். இணைய விற்பனைத் தளங்களில் ‘லேடி ஓனர்’ என்றும், மலாய்மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்துச் ‘சிக்கு ஓனர்’ என்றும் போடுவது வழக்கமாகிவிட்டது. சென்னை நாளேடுகளின் வரி விளம்பரங்களில் மருத்துவர் வைத்திருந்தது, பெண் ஓட்டியது என்று அச்சிட்டு வந்ததும் இதே மரபைச் சேர்ந்ததுதான்.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இவ்வகை விளம்பரங்களைப் படிக்கையில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் நெருடலும் ஒருங்கே உண்டாகும். இந்தப் பேச்சில் வண்டிக்கு நற்சான்று கிடைத்துவிடுகிறது. அந்தப் பெண்மணிக்கு என்ன கிடைக்கிறது? இந்த நற்பெயர் எப்படிப் பிறந்தது, அதில் எவ்வளவு உண்மை, அதற்குப் பின்னால் மறைந்து நிற்பது என்ன என்பவற்றை வரலாற்றின் வழியே பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

படகுத்துறையும் தோட்டச் சாலையும்

நம் வட்டாரத்திலிருந்தே தொடங்குவோம். பாசிர் பெனம்பாங் என்னும் பெயரிலேயே போக்குவரத்து இருக்கிறது. மலாய்மொழியில் ‘பாசிர்’ என்றால் மணல். ‘பெனம்பாங்’ என்பது கூலிக்கு ஆள் ஏற்றிச் செல்லும் படகையும் அதனை ஓட்டுபவரையும் குறிக்கும். சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் வடகரையில் இம்மீனவச் சிற்றூர் இருக்கிறது. மறுகரையில் கோலசிலாங்கூர் பட்டணமும் மெலாவாத்திக் குன்றும் உள்ளன. பாலம் வருவதற்கு முன்னர் இங்கு அக்கரை சேர வேண்டுமென்றால் படகோட்டியின் தயவு வேண்டும்.

ஆற்றங்கரையை விட்டு உள்நாடு நோக்கிச் சென்றால் புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று தோட்டப் புறங்கள் விரிகின்றன. முன்பு பத்தாங் பெர்ஜுந்தாய் என அழைக்கப்பட்ட இந்தப் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில்தான் தென்னமரம் தோட்டம் உள்ளது. நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் 1917இல் அங்குதான் உருவானது. அதனை நிறுவியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுத் துரை. பின்னாளில் மலாயா வாழ்வை வைத்து நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. தோட்டம் தொடங்கியவர் பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ தமிழ்.

அக்காலத் தோட்டங்களில் ஒருவர் எதில் ஏறிச் செல்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய பதவியைச் சொல்லிவிடலாம். துரைக்கு மகிழுந்து. கிராணிக்கு மோட்டார் சைக்கிள். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குப் பெரும்பாலும் மிதிவண்டி. தொழிலாளிக்கு அவருடைய இரு கால்கள். நம்மவர் மகிழுந்தைக் ‘காடி’ என்று அழைத்தனர். ‘காடி வருது’ என்றாலே வருவது துரை என்று பொருள். பெண்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்றனர், நிரைக்கு நடந்தனர், பால் வாளியைச் சுமந்து கொட்டகைக்குத் திரும்பினர். தோட்டச் சாலையை அதிகம் நடந்தவர்கள் அவர்கள்தாம். ஆனால், அச்சாலையில் ஓடிய வண்டி ஒன்று ஒரு பெண்ணின் பெயரில் இருப்பது என்பது மிக அரிது. வண்டி வைத்திருந்த பெண்கள் என்றால், மாதச் சம்பளம் வாங்கிய மருத்துவமனை மிசி, பிள்ளைப்பேறு பார்க்கும் தாதி, பட்டணத்துப் பள்ளி ஆசிரியை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த விரல்விட்டு எண்ணக்கூடியவர்களிடமிருந்துதான் ‘பெண்மணி வைத்திருந்த வண்டி’ என்னும் பெயரும் தொடங்குகிறது. அந்த வண்டிகளுள் மிகவும் புகழ்பெற்றது மோரிஸ் மைனர்.

கிழவி என்று பெயர் பெற்ற பந்தய வண்டி

மோரிஸ் மைனர் 1948 அக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். முன்மாதிரி வண்டியைப் பார்த்து அவருக்கு அகலம் போதவில்லை என்று தோன்றியது. உடனே அதனை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் செய்து, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். நிறுவனத் தலைவரான நஃபீல்ட் பிரபுவுக்கோ அந்த உருண்டை வடிவம் பிடிக்கவேயில்லை. வெந்நீரில் அவித்த முட்டை போல இருக்கிறது என்று ஏளனம் செய்தார். அந்த முட்டைதான் 1960 டிசம்பரில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் மகிழுந்து ஆயிற்று. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்போது மொத்தம் ஏறக்குறைய 16 இலட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன.

பிரிட்டனில் வீடு வீடாகச் செல்லும் மாவட்டத் தாதியரும் மருத்துவச்சியரும் இவ்வண்டியை விரும்பி ஓட்டினர். எளிமையான இயந்திரம், இலகுவான ஸ்டியரிங், குறைந்த எரிபொருள் செலவு ஆகியன காரணங்கள். அவர்கள் மூப்படைந்தபோது வண்டியும் மூப்படைந்தது. ‘பாட்டிமார் வண்டி’ என்னும் பெயரும் ஒட்டிக்கொண்டது. மலாயாவிலும் இலங்கையிலும் இவ்வண்டி பரவலாக ஓடியது. நம் நாட்டில் இன்றும் பழைய வண்டிகளை நேசிப்போர் தேடிப் பிடித்துப் பாதுகாக்கும் வண்டிகளுள் அது முன்னிற்கிறது.

பாட்டிமார் வண்டி என்றால் மெதுவாகப் போகும், அஞ்சி அஞ்சிப் போகும் என்பது பலருடைய எண்ணம். அவ்வாறு எண்ணுவோர் பேட் மாஸ் அம்மையாரின் வரலாற்றை அறிய வேண்டும். புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸின் தங்கை இவர். 1958ஆம் ஆண்டு பிரிட்டனின் ஆர்.ஏ.சி. நெடுந்தொலைவுப் பந்தயத்தில் ஒரு மோரிஸ் மைனரை ஓட்டி, ஆண்களும் பெண்களும் கலந்த மொத்தப் பட்டியலில் நான்காம் இடம் பெற்றார். வழிகாட்டியாக உடன் சென்ற ஆன் விஸ்டமும் பெண்ணே. அந்த மோரிஸ் மைனருக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப்பெயர் என்ன தெரியுமா? ‘கிரானி’, அதாவது பாட்டி.

நம்மவரின் வரலாற்றிலும் இவ்வகை வண்டிகள் உழைத்த உழைப்பு சிறிதன்று. இலங்கையில் 1960களிலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியதால், 1950களின் பிரிட்டிஷ் வண்டிகளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்ட வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்தில் அந்நிலை இன்னும் நீண்டது. 1990களில் போர்க்காலத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு முதலிய வண்டிகளைச் சில சொட்டுப் பெட்ரோலில் உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவைத்தனர். இளையோர் கடல்கடந்து சென்றுவிட்ட எத்தனையோ வீடுகளில் முதியோரும் பழைய வண்டியும் மட்டுமே எஞ்சியிருந்த காலம் அது. அங்கே பழைய வண்டி அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியாக இருந்தது.

கைம்பெண்ணும் கொட்டகையில் நின்ற வண்டியும்

‘பாட்டி வைத்திருந்த வண்டி’ என்னும் பேச்சை உலகெங்கும் பரப்பியது அமெரிக்கா. கலிபோர்னியாவில் பேசடீனா என்றொரு வசதியான நகரம் உள்ளது. பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் அங்குக் குடியேறினர். கணவர் ஆற்றல் மிக்க பெரிய மகிழுந்து ஒன்றை வாங்குவார். சில ஆண்டுகளில் அவர் இறந்துவிட, வண்டி மனைவியிடம் தங்கிவிடும். ஞாயிறு தேவாலயத்துக்குப் போவதற்கு மட்டும் அது வெளியில் வரும். இப்படி ஒரு வண்டி கைக்கு வந்தது என்று சொல்லியே விற்பனையாளர்கள் கண்ட கண்ட வண்டிகளையெல்லாம் தள்ளிவிட்டதால், அது நகைச்சுவையாகவே மாறிற்று. 1964இல் டாட்ஜ் நிறுவனம் வெள்ளைமுடிப் பாட்டி ஒருவர் சீறிப் பாயும் வண்டியை ஓட்டுவதாக விளம்பரம் எடுத்தது. அதே ஆண்டில் ஜேன் அண்டு டீன் என்னும் இருவர் பேசடீனாப் பாட்டியைப் பற்றிப் பாடிய பாடல் அமெரிக்கப் பாடல் வரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறியது.

சிரிப்பை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையின் அடிப்படையைப் பாருங்கள். வண்டி புதிதாக இருப்பதற்குக் காரணம், அந்த அம்மையாரின் கவனம் என்பதைவிட அவருடைய தனிமைதான். கணவர் இருந்தபோது அவர்தாம் ஓட்டினார். அவர் போன பின்னர், வண்டியும் மனைவியும் வீட்டில் நின்றுவிட்டனர். நம் பட்டணங்களிலும் புறநகர்களிலும் இக்காட்சி புதியதன்று. முன்கூரையின் கீழ்த் துணி போர்த்தி நிற்கும் வண்டி, வாரம் ஒருமுறை பேரனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வந்து இயந்திரத்தை உயிர்ப்பித்துப் போவது, உள்ளே அம்மாவுக்கு ஓட்டுநர் உரிமம் இல்லாதது. கிலோமீட்டர் குறைவு என்று நாம் மெச்சும் அந்த எண், பல வேளைகளில் அப்பெண்மணி போகாத ஊர்களின் கணக்கு.

இதற்கு நேர்மாறானவர்களும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த ரேச்சல் வீச் அம்மையார் 1964இல் ஒரு மெர்குரி காமெட் வண்டியைப் புதிதாக வாங்கினார். 2012இல் கண்பார்வை குன்றியதால் தம் 93ஆம் வயதில் ஓட்டுவதை நிறுத்தும்போது, அது 5,76,000 மைல் ஓடியிருந்தது. ஏறத்தாழ 9,27,000 கிலோமீட்டர். வாழ்நாள் உத்தரவாதம் தரப்பட்ட உதிரிப் பாகங்களின் சீட்டுகளை அவர் பத்திரமாக வைத்திருந்து, அவை பழுதாகும்போதெல்லாம் புதியவற்றைக் கேட்டு வாங்கினார். மிச்சிகன் மாநிலத்தின் மார்கரெட் டன்னிங் அம்மையார் 1930ஆம் ஆண்டுப் பேக்கார்டு வண்டி ஒன்றை வைத்திருந்தார். நூறு வயதைக் கடந்த பின்னரும் அதனைக் கண்காட்சிகளுக்குக் கொண்டு சென்றார். எண்ணெய் மாற்றும் வேலையையும் தாமே செய்தார். 2015இல் தம் 104ஆம் வயதில் காலமானார். இவ்விருவரின் வண்டிகளையும் ‘அதிகம் ஓடாதது’ என்று எவரும் விற்றிருக்க முடியாது. ஆனால், நன்றாகப் பேணப்பட்டவை என்று தாராளமாகச் சொல்லலாம்.

பெண்களின் வண்டி என்று ஒதுக்கப்பட்டது

பெண்ணுக்குரிய வண்டி என்னும் முத்திரை நூறாண்டுகளுக்கு முன் ஒரு தொழில்நுட்பத்தோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. தொடக்கக்காலப் பெட்ரோல் வண்டிகளை முன்புறத்தில் கைப்பிடியைச் சுழற்றித்தான் உயிர்ப்பிக்க வேண்டும். கைப்பிடி எதிர்த்து உதைத்தால் கை முறியும். அதனால் சத்தமும் புகையும் இல்லாத மின்கல வண்டிகளைப் பெண்களுக்கும் மருத்துவர்களுக்கும் ஏற்றவை என்று விளம்பரம் செய்தனர். டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்னும் வண்டி 1907 முதல் 1939 வரை விற்பனையானது. உலகையே பெட்ரோல் வண்டியில் ஏற்றிய ஹென்றி ஃபோர்டின் துணைவியார் கிளாரா ஃபோர்டு ஓட்டியது 1914ஆம் ஆண்டு டெட்ராய்ட் எலக்ட்ரிக் வண்டியைத்தான்!

1912இல் கேடிலாக் நிறுவனம் விசை அழுத்தினால் உயிர்பெறும் பெட்ரோல் வண்டியைக் கொண்டு வந்தது. ஃபோர்டின் வண்டிகளோ ஆண்டுக்காண்டு விலை குறைந்தன. மின்கல வண்டி மெல்ல மெல்ல மறைந்தது. ‘வயதான சீமாட்டிகளின் வண்டி’ என்னும் ஏளனமே அதற்கு மிஞ்சியது. இன்று அரசாங்கங்களும் பெருநிறுவனங்களும் மின் வண்டியே எதிர்காலம் என்கின்றன. நம் புரோட்டோன் நிறுவனமும் 2024 டிசம்பரில் தன் முதல் மின் மகிழுந்தை வெளியிட்டது. அன்று சீமாட்டிகள் தேர்ந்தெடுத்ததைக் கிழவிகளின் விருப்பம் என்று உலகம் ஒதுக்கியதை இப்போது எண்ணிப் பார்க்கலாம்.

எலுமிச்சைப் பாடம்

விற்பனையாளர் ஏன் வண்டியைப் பற்றிச் சொல்வதைவிட அதன் உரிமையாளரைப் பற்றி அதிகம் சொல்கிறார்? இதற்குப் பொருளியலில் ஒரு விடை இருக்கிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்க அறிஞர் 1970இல் பழைய மகிழுந்துச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் பழுதான வண்டியை ‘எலுமிச்சை’ என்பார்கள். கட்டுரையின் தலைப்பிலும் அச்சொல்லே இருந்தது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே, வாங்குபவர் எல்லா வண்டியையும் ஐயத்தோடு பார்த்துக் குறைந்த விலை கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகிவிடுவார். முடிவில் சந்தையில் எலுமிச்சைகளே மிஞ்சும் என்பது அவருடைய வாதம். இதழ்கள் சில ஏற்க மறுத்த அக்கட்டுரைதான் பின்னர் அவருக்கு 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

இந்த ஐயத்தைத் தீர்க்கும் மருந்தாகவே ‘பாட்டி’ வருகிறார். இயந்திரத்தைப் பிரித்துக் காட்ட இயலாது. எனவே, நம்பத்தகுந்த ஒருவரின் சாயலைக் காட்டுகிறார்கள். முரட்டு இளைஞர் ஓட்டவில்லை, பந்தயம் விடவில்லை, கடன்காரருக்குப் பயந்து விற்கவில்லை என்று மூன்று செய்திகளைப் ‘பெண்மணி’ என்னும் ஒரு சொல் சொல்லிவிடுகிறது. ஆசிரியை என்றால் இன்னும் இரண்டு கூடும்: ஒழுங்காகப் பராமரித்திருப்பார், பொய் சொல்ல மாட்டார். ஆசிரியத் தொழிலின் பெயர் சந்தையில் இவ்வளவு மதிப்போடு இருப்பது மகிழ்ச்சியே. ஆனால், அந்த மதிப்பைச் செலவு செய்பவர் வேறொருவர்.

ஐரோப்பாவில் இந்த நற்பெயர் பணக்கணக்கிலும் ஏறியிருந்தது. பெண்கள் கவனமாக ஓட்டுபவர்கள் என்பதால், காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் இளம்பெண்களிடம் குறைந்த கட்டணம் வாங்கின. ஒருவரை அவர் ஓட்டும் முறையைக் கொண்டு பாராமல் ஆணா பெண்ணா என்று மட்டும் பார்த்துக் கட்டணம் விதிக்கக்கூடாது என்று 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. நல்ல பெயராக இருந்தாலும் ஒட்டுமொத்த முத்திரை முத்திரைதான் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பட்டறையில் உண்மை

சரி, இயந்திரவியல் என்ன சொல்கிறது? அதிகம் ஓடாத வண்டி நல்ல வண்டிதானா? எல்லா நேரத்திலும் அல்ல.

ஓர் எளிய கணக்குப் போடுவோம். 20 ஆண்டுகளில் 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால், ஆண்டுக்கு 2,000. வாரத்துக்கு 40 கிலோமீட்டரும் இல்லை. அதுவும் இரண்டு மூன்று கிலோமீட்டர்த் துண்டுப் பயணங்களாக இருந்திருந்தால், இயந்திரம் முழுச்சூடு அடைந்த நாளே இருக்காது. சூடேறாத இயந்திரத்துள் நீர்த்துளி படியும். எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலக்கும். புகைக்குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மின்கலம் முழுமையாக ஏறாது. டயரின் வரிகள் ஆழமாகவே இருக்கும். ஆனால், ரப்பர் இறுகிப் பக்கவாட்டில் வெடித்திருக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. வண்டி ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மாற்றுவது நல்லது. பாசிர் பெனம்பாங் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றின் வேலையும் இவற்றோடு சேரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றின் தூரமானியில் ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999 மைல் முடிந்ததும் அது மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 30,000 என்று காட்டும் வண்டி உண்மையில் 1,30,000 மைல் ஓடியிருக்கலாம். எண்ணைத் திருத்துவோர் வேறு இருக்கிறார்கள்.

ஆகவே, பழைய வண்டி வாங்க விரும்பும் பெற்றோர் பார்க்க வேண்டியவை வேறு. பராமரிப்புப் புத்தகத்தில் தேதி வரிசையாகப் பதிவுகள் உள்ளனவா? டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள நான்கு இலக்கங்கள் எந்த வாரத்தையும் எந்த ஆண்டையும் காட்டுகின்றன? கால்மிதிகளின் தேய்மானம் தூரமானியின் எண்ணோடு ஒத்துப்போகிறதா? கெரானில் உள்ள பெயர் விற்பவர் சொல்லும் கதையோடு பொருந்துகிறதா? நம்பிக்கையான போர்மன் ஒருவரை அழைத்துச் சென்று வண்டியைத் தூக்கிப் பார்த்தால் கதை வெளிப்பட்டுவிடும். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி பழைய வண்டிச் சந்தைக்கு மிகவும் பொருந்தும்.

கெரானில் பெயர் வந்த வழி

கெரான் என்றதும் வரலாற்று ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு பெண்ணின் பெயர் அந்தத் தாளில் ஏற வேண்டுமென்றால் அவளுக்குச் சொந்தச் சம்பளம் வேண்டும். மலாயாவில் பெண்ணாசிரியர்கள் அதே பணிக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் வாங்கிய காலம் இருந்தது. அதனை எதிர்த்துப் போராடியவர்களுள் முதன்மையானவர் இராசம்மா பூபாலன் அம்மையார். 1927இல் பிறந்த அவர், பதின்ம வயதிலேயே நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றவர். போருக்குப் பின்னர் ஆசிரியரானார். 1960இல் பெண்ணாசிரியர்களுக்கெனத் தனித் தொழிற்சங்கம் உருவாக முன்னின்று, சமவேலைக்குச் சமஊதியம் கேட்டார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு அவ்வுரிமை கிடைத்தது.

‘ஆசிரியை வைத்திருந்த வண்டி’ என்று இன்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த ஆசிரியையின் கையில் வண்டி வாங்கப் பணம் வந்தது இப்படித்தான். அது அமைதியான மனிதர்களின் கொடையாக வரவில்லை. சங்கம் கட்டி, மனு எழுதி, கூட்டம் போட்டுப் பெறப்பட்டது.

பின்னர் 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. சருகுமானின் பெயர் கொண்ட அந்த 660 சி.சி. வண்டியின் விலை, நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்கும் எட்டக்கூடியதாக இருந்தது. தாதியர், எழுத்தர், ஆசிரியை, தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் மகள் எனப் பலருக்கும் முதல் வண்டி அதுவே. 2009இல் உற்பத்தி நின்றது. ‘பெண்கள் வண்டி’ என்று அதனையும் கேலி செய்தனர். இன்று நல்ல நிலையில் உள்ள கஞ்சில்களைத் தேடி வாங்குவோர் இருக்கின்றனர். மோரிஸ் மைனருக்கு நடந்தது கஞ்சிலுக்கும் நடக்கத் தொடங்கிவிட்டது. கால்களை மட்டுமே நம்பிய தோட்டத்துப் பாட்டிக்கும் சொந்த வண்டியில் பள்ளிக்குப் போகும் பேத்திக்கும் இடையில் இரண்டே தலைமுறைதான்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

குடும்பப் பயணத்தைப் படமாக வரையச் சொன்னால், மாணவர் பலர் ஸ்டியரிங் சக்கரத்தின் முன் அப்பாவையே உட்கார வைக்கின்றனர். அன்று காலை அவர்களைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போனவர் அம்மாவாக இருந்தாலும் படத்தில் அம்மா பக்கத்து இருக்கையில்தான் இருப்பார். பாட்டியோ பின்னிருக்கையில். நாம் குறை சொல்ல வேண்டியது பிள்ளைகளை அல்ல. அவர்கள் கேட்டு வளர்ந்த கதைகள் அப்படி.

ஆசிரியர்கள் இதனை ஒரு வரலாற்றுப் பாடமாக மாற்றலாம். படிநிலை இரண்டு மாணவர்களிடம் ஐந்து கேள்விகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். நம் குடும்பத்தில் முதன்முதலில் வண்டி ஓட்டக் கற்ற பெண் யார்? எந்த ஆண்டில் உரிமம் எடுத்தார்? வீட்டு வண்டியின் கெரானில் யாருடைய பெயர் இருக்கிறது? அவர் தாமாகவே ஓட்டிச் சென்ற மிகத் தொலைவான ஊர் எது? ஓட்டக் கற்காத பாட்டியிடம் ஐந்தாவது கேள்வி: ஓட்டத் தெரிந்திருந்தால் எங்கே போயிருப்பீர்கள்?

முதல் நான்கு கேள்விகளுக்குத் தேதியும் பெயரும் கிடைக்கும். அவற்றைக் காலக்கோட்டில் குறித்தால் வாய்மொழி வரலாறு எப்படித் திரட்டப்படுகிறது என்பதை மாணவர் கற்பர். ஐந்தாவது கேள்விக்குக் கிடைக்கும் விடை எந்த ஆவணத்திலும் இருக்காது. பிறந்த ஊராக இருக்கலாம். மாரான் முருகன் கோவிலாக இருக்கலாம். அக்கரையில் மணமுடித்துப் போன அக்காளின் வீடாகவும் இருக்கலாம். பெற்றோர்களிடம் நான் வேண்டுவதும் இதுதான். அந்த விடையைப் பிள்ளை எழுதிக்கொண்டு வரும்போது பக்கத்தில் இருங்கள். ஊர் எட்டக்கூடிய தொலைவில் இருந்தால், அடுத்த விடுமுறையில் பாட்டியை முன்னிருக்கையில் அமர்த்தி அழைத்துச் செல்லுங்கள். வண்டியின் தூரமானியில் சில நூறு கிலோமீட்டர் கூடும். பின்னொரு நாள் விற்கும்போது விலை கொஞ்சம் குறைந்தாலும் குறையட்டும்.